அழகான படமும் ஒரு பிரேக் கையும்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் அண்மையில் என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். பழைய ஆட்கள் வந்து அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். செங்காங்கிலிருந்து ரயிலேறிப் போனேன். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மேடைக்குப் பின்னால் திரை நிறைய ஒரு படம். சதுரத்துக்குள் ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து விரியும் கோடுகள். நான் போட்ட காலத்தில் அது கறுப்பு வெள்ளை. இவர்கள் நீலமும் சிவப்பும் பூசியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் என் பெயர்: ஸ்டெல்லா அருளப்பன், முன்னோடி.

"இதை எடுத்துடுங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கிழவிக்கு அடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். அடக்கத்துக்கும் எனக்கும் அவ்வளவு பழக்கமில்லை என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தை ஏற்பாடு செய்த பிரியா என்ற பொறியாளர்தான் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"ஏன் ஆன்ட்டி? எவ்ளோ பியூட்டிஃபுல்லா இருக்கு, ஏன் எடுக்கச் சொல்றீங்க?"

"அதனாலதான் சொல்றேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எனக்குக் கொடுத்த நேரத்தில் புரியவைக்கவும் முடியவில்லை. மைக்கைப் பிடித்ததும் கோபம் முந்திக்கொண்டது. சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. ஆகவே எழுதுகிறேன். பிரியா படிக்கட்டும், மற்றவர்களும் படிக்கட்டும். படித்துவிட்டு அந்தப் படத்தை வைப்பதா எடுப்பதா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

நான் வளர்ந்தது சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் பக்கம். எழுபதுகளில் பொறியியல் படிக்கப் போகிறேன் என்றதும் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த மாமிகள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு இரும்பு எதுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "இரும்பு ஒண்ணும் ஆட்சேபணை சொல்லலியே" என்றார் அப்பா. அவர் வாய்தான் எனக்கும். வகுப்பில் பெண்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடுவோம். கணினிக்குக் கொடுக்க வேண்டியதை அட்டைகளில் துளை போட்டு, பெட்டியில் அடுக்கி, ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு வர வேண்டும். பதில் மறுநாள் வரும். பெரும்பாலும் 'பிழை' என்று வரும். அந்தக் காலத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் அட்டைப் பெட்டி கைதவறிக் கொட்டிய கதையைச் சொல்வார்கள். எனக்கும் கொட்டியது, பொறுக்கினேன், அவ்வளவுதான். அந்த அட்டைகளோடு மல்லுக்கட்டித்தான், ஒரு பொருளைக் கணினிக்குள் வைத்து வளைக்கவும் உடைக்கவும் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது எங்களுக்குக் கொடுத்த பொருள் புதுசு. அலுமினியத்தை உருக்கி, அதில் கல்லைவிடக் கடினமான துகள்களைக் கலந்து செய்வது. அலுமினியத்தின் எடை, ஆனால் அதைவிட எவ்வளவோ விறைப்பு. சிராங்கூன் ரோட்டில் விற்கும் கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்லம் அலுமினியம், கடலை துகள். கடலை பரவலாக இருந்தால் மிட்டாய் திடமாக இருக்கும். நாலு கடலை ஒட்டிக்கொண்டு நடுவில் வெல்லம் போகாத இடத்தில்தான் கடித்ததும் பிளக்கும். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு அறிவியல் போதும்.

இந்தப் பொருள் எவ்வளவு இழுத்தால் நீளும், எவ்வளவு இழுத்தால் கிழியும் என்பதைக் கணினியில் முன்கூட்டிச் சொல்வதுதான் எங்கள் வேலை. செய்முறையைச் சொல்கிறேன். பொருளில் ஒரு துண்டை வெட்டி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான தாளில் தொடங்கி மெல்ல மெல்ல நைசான தாளுக்குப் போக வேண்டும். கடைசியில் துணியில் வைரப் பசை தடவித் தேய்த்தால் முகம் பார்க்கலாம். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்துத் துகள்களின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலையும் எங்கே இருக்கிறது என்று கணினிக்கு எண்களாகச் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பிள்ளைகள் ஒரு பொத்தானைத் தட்டினால் கட்டம் தானே விழுகிறது. எங்களுக்குக் கழுத்து வலி விழுந்தது.

படம் எடுப்பவர் ஹாசிம் அண்ணன். தேய்த்துப் பளபளப்பாக்குவதும் அவர்தான். கட்டத்தைச் சரிபார்ப்பவர் எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் லிம்.

டாக்டர் லிம்மைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் வேலையைச் சொல்ல முடியாது. சத்தம் போட மாட்டார். பேனாவைத் தொட மாட்டார். சட்டைப்பையில் பென்சில், அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ரப்பர். நாங்கள் கட்டம் வரைந்த தாளைச் சுவரில் குத்தி வைக்க வேண்டும். அவர் அறையின் மறுகோடிக்குப் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எங்கேயாவது கட்டம் கோணலாக இருந்தால் அங்கிருந்தே தெரிந்துவிடும் அவருக்கு. கிட்டே வந்து அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்தப் புள்ளிக்குப் பயந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்த ஆண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். நல்ல ஆசிரியர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒழுங்கின் மேல் அவருக்கு இருந்தது மோகம்.

அந்த மோகத்தில்தான் எங்கள் மாதிரி, அதாவது கணினிக்குள் வைக்கும் பொருளின் நகல், பிறந்தது. அன்றைய கணினிக்கு நினைவகம் குறைவு. ஆயிரம் துகள்களை அதில் அடைக்க முடியாது. அதனால் ஒரே ஒரு உருண்டைத் துகளை எடுத்துச் சதுரத்தின் நடுவில் வைப்போம். சதுரத்தின் நாலு பக்கமும் கண்ணாடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முடிவெட்டும் கடையில் எதிரெதிரே கண்ணாடி மாட்டியிருப்பார்களே, உட்கார்ந்தால் நம் தலை வரிசை வரிசையாக முடிவில்லாமல் தெரியுமே, அதுதான் கணக்கு. ஒரு துகளுக்குச் செய்தால் எல்லாத் துகளுக்கும் செய்ததாக ஆகிவிடும். உலகம் முழுக்க அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், நன்றாகவும் செய்தேன். திரையில் பார்த்தீர்களே, அந்தப் படம் அப்படி வந்ததுதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நிறுவனம் எங்களிடம் வந்தது. உயரமான கட்டடங்களில் கண்ணாடி துடைக்கவும் சாயம் அடிக்கவும் ஆட்களை ஏற்றி வெளியே தொங்கவிடும் கொண்டோலா செய்கிறவர்கள். கொண்டோலா கீழே நழுவாமல் கம்பிக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பாகத்துக்குப் பிரேக் கை என்று பெயர். முழங்கை மாதிரி வளைந்திருக்கும். ஒரு முனையில் துளை, அதில் ஆணி. அதுவரை எஃகில் செய்தார்கள், கனம் அதிகம். புதுப் பொருளில் செய்தால் பாதிக்கும் கீழே எடை. இந்த வட்டாரத்திலேயே முதலில் செய்தவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு. கணக்குப் போட்டுக் கொடுத்த பெயர் எங்களுக்கு. ஆய்வுக்கூடம் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் லிம் அந்த வாரம் முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார்.

நான் கணக்குப் போட்டேன். ஒற்றைத் துகள் மாதிரியிலிருந்து பொருளின் பலத்தை எடுத்து, அதைப் பிரேக் கையின் பெரிய மாதிரிக்குள் போட்டேன். தாராளமாகத் தாங்கும் என்று வந்தது. தாங்காமல் போனாலும் ஆணித் துளையின் ஓரத்தில்தான் முதலில் விரியும் என்றும் வந்தது. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல அவ்வளவு சுத்தமான விடை. அறிக்கை தட்டச்சுக்குப் போனது.

கையெழுத்துப் போடும் முன்னால் அந்தப் பிரேக் கை எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறது என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. எங்கள் கூடத்தில் அப்படிப் போகும் வழக்கமும் இல்லை. ஷென்டன் வேயில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் வேலை நடந்தது. அங்கே மாணிக்கம் என்ற தமிழர் கொண்டோலா மேஸ்திரி. நடுத்தர வயது, கெட்டியான உடம்பு. வலது தோளை மட்டும் அடிக்கடி உருட்டிக்கொண்டே இருந்தார்.

"புது பிரேக் கை செய்யறவங்க நீங்கதானா மேடம்? சீக்கிரம் கொண்டாங்க. ஒவ்வொரு தடவை எடம் மாத்தும்போதும் இந்தச் சனியனைக் கழட்டித் தோள்ல தூக்கிட்டுப் போகணும். என் தோளே போச்சு."

"நான் செய்யலண்ணே. தாங்குமான்னு கணக்குப் பார்க்கிறேன்."

"தாங்கும் தாங்கும். ஏறி ஒரு ரவுண்டு வர்றீங்களா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டார். நான் ஏறிவிட்டேன். இடுப்பில் பட்டையைக் கட்டிவிட்டார். மொட்டைமாடி விளிம்பைத் தாண்டியதும் காற்று வந்து முகத்தில் அறைந்தது. கீழே சாலை. கார்கள் பொம்மையாகத் தெரிந்தன என்று எழுதுவார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை, நான் பார்த்தது தலைக்கு மேலே இருந்த அந்தப் பிரேக் கையை மட்டும்தான். ஒவ்வொரு முறை நின்றபோதும் அது கயிற்றைக் கவ்வியது. கவ்வும்போது ஓர் உலுக்கு. அந்த உலுக்கு என் குதிகாலில் ஏறி முதுகுவரை வந்தது.

"பயப்படாதீங்க மேடம், கயிறு ரெண்டு இருக்கு" என்றார் மாணிக்கம்.

"பிரேக் கை?"

"அது இந்தப் பக்கத்துக்கு ஒண்ணு, அந்தப் பக்கத்துக்கு ஒண்ணு. ஒண்ணு போனாலும் சாஞ்சிடும். அது ஏன் போவப்போவுது?"

எனக்கு அந்த நிமிஷம் பயம் வந்தது, வெளிப்படையாகவே சொல்கிறேன். உயரத்தைப் பார்த்து வந்த பயம் இல்லை. என் அறிக்கையில் 'பொருள்' என்று ஒரு சொல் நூறு தடவை வருகிறது. அந்தப் பொருளை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஹாசிம் அண்ணன் கொடுத்த படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை நேராக அவர் அறைக்குப் போனேன். தேய்த்த துண்டு மைக்ராஸ்கோப்பின் கீழே இருந்தது.

"அண்ணே, எனக்குக் கொடுத்த படம் எந்த இடத்துல எடுத்தது?"

"நல்ல எடத்துலதான்."

"நல்ல எடம்னா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒழுங்கா பரவியிருக்கிற எடம் லா. கும்பலா இருந்தா போக்கஸும் சரியா வராது, பாக்கவும் அசிங்கமா இருக்கும். கல்யாண வீட்டுல போட்டோக்காரன் கண்ணை மூடுன படத்தையா ஆல்பத்துல ஒட்டுவான்?"

அவர் மேல் தப்பே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் பழியை அவர் மேல் போடப் பார்த்தார்கள். நல்ல இடம் தேடிப் படம் எடுப்பது எங்கள் தொழிலின் பழக்கம். எந்த ஆய்வுக் கட்டுரையைப் புரட்டினாலும் அழகான படம்தான் இருக்கும். அந்த அழகான படத்தைப் பார்த்து, துகள்கள் சமமாகப் பரவியிருக்கின்றன என்று நாங்கள் ஒற்றைத் துகள் மாதிரி போடுவோம். மாதிரி அழகான விடை கொடுக்கும். எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போவோம். பொருள் மட்டும் எங்களைப் படம் எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

நான் உட்கார்ந்து, நிறுவனம் சோதனைக்கு அனுப்பியிருந்த புதுப் பிரேக் கை ஒன்றை முழுவதுமாகக் குறுக்கே வெட்டித் தேய்த்துக் கொடுக்கச் சொல்லி, மைக்ராஸ்கோப்பின் மேடையைக் கையாலேயே நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். துளைப் பக்கம் எல்லாம் சுத்தம். வளைவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். முழங்கையின் உட்புறத்தில் துகள்கள் சர்க்கரையைக் கண்ட எறும்பாக மொய்த்துக்கிடந்தன. சுத்தியலால் அடித்து வளைத்தபோது அலுமினியம் வழிவிட்டு ஓடியிருக்கிறது, துகள்கள் ஓட முடியாமல் ஒன்றோடொன்று நெருக்கியிருக்கின்றன. வேறு இரண்டு பிரேக் கைகளை வெட்டிப் பார்த்தேன். அதே இடம், அதே கும்பல்.

"அந்த அசிங்கமான எடத்தைப் படம் எடுங்கண்ணே."

"டாக்டருக்குப் பிடிக்காது."

"எனக்குப் பிடிச்சிருக்கு."

எடுத்துக் கொடுத்தார். அதை வைத்து ஒரு மாதிரி போட்டேன். கண்ணாடி கிடையாது, உருண்டை கிடையாது. ஒவ்வொரு துகளும் அதன் கோணல்மாணலோடு எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. கட்டம் போட்டதில் பாதி நொண்டியும் கூனும். கணினி மூச்சுத் திணறியது. மற்றவர்களின் வேலை எல்லாம் வரிசையில் நின்றது. ஸ்டெல்லா எந்திரத்தை வாடகைக்கு எடுத்துவிட்டாள் என்று பேசினார்கள். அப்போது விரிசலைக் கணினி தானாக நகர்த்தாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்தத் துகள் தாங்க முடியாத அளவுக்கு இழுபடுகிறது என்று பார்த்து, அந்தக் கட்டத்தை நாமே சாகடிக்க வேண்டும். அதாவது அதன் பலத்தைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததாக மாற்றிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். செத்தவன் சுமையைப் பக்கத்தில் இருப்பவன் தலையில் போடுவான். அவன் சாவான். அதை நான் என் கையால், ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒற்றைத் துகள் மாதிரியில் ஒன்றும் ஆகாத சுமையிலேயே கும்பலுக்குள் முதல் துகள் பிளந்தது. பிறகு பக்கத்துத் துகள். நடுவில் இருந்த மெல்லிய அலுமினியம் கிழிந்தது. விரிசல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி முழங்கையைக் கடந்து போனது.

தாளைச் சுவரில் குத்தினேன். டாக்டர் லிம் மறுகோடிக்குப் போய் ஒரு கண்ணை மூடினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கிட்டே வந்தார், ஆனால் புள்ளி வைக்கவில்லை. எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை போலும். அவர் பேசியது ஆங்கிலம், தமிழில் எழுதுகிறேன்.

"இதற்கு மாதிரி என்று பெயர் இல்லை. இது விபத்து" என்றார்.

"ஆமாம் சார். விபத்து எப்படி நடக்கும் என்றுதானே கேட்டார்கள்?"

"மிக மோசமான இடத்தைத் தேடி எடுத்திருக்கிறாய். மோசமான இடத்தை எடுத்தால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் உடைக்கலாம். நாம் சொல்ல வேண்டியது சராசரி."

"சராசரியில் யாரும் தொங்கவில்லை சார். மாணிக்கம் என்று ஒருவர் ஒரு பிரேக் கையில் தொங்குகிறார். சில வாரத்துக்கு முன்னால் நானும் தொங்கினேன்."

அவர் முகம் மாறியது. நான் தளத்துக்குப் போனது அவருக்குத் தெரியாது. அனுமதி இல்லாமல் போனதற்கு முதலில் ஒரு பாட்டு வாங்கினேன். அதன் பிறகு சொன்னார்: அறிக்கை தயார், வாடிக்கையாளர் காத்திருக்கிறார், நீ கையெழுத்துப் போடு, இந்த இரண்டாவது வேலையைப் பிறகு ஒரு கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம்.

கணக்கிட்டவர் என்று ஒரு கையெழுத்து, ஒப்புதல் அளித்தவர் என்று ஒரு கையெழுத்து. இரண்டும் இல்லாமல் அறிக்கை வாசலைத் தாண்டாது. "போட மாட்டேன் சார்" என்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் மேசையை மிகவும் அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அன்று வீட்டில் என் கணவர் ஜேம்ஸ் பொறுமையாகத்தான் கேட்டார். "நீ போடாட்டி வேற யாரையாவது வச்சுக் கணக்குப் போட வச்சு, அவங்க பேரைப் போடுவாங்க. உன் வேலை போனதுதான் மிச்சம். இதுல உனக்கு என்ன லாபம்?"

"என் பேரு அதுல இருக்காது. அதான் லாபம்."

"அந்த மாணிக்கம் உனக்கு யாரு?"

"யாரும் இல்ல. அதுக்காக விழணுமா?"

அவர் பள்ளிக்கூட வாத்தியார், திருத்த வேண்டிய நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் பயம்தான். வேலை போனால் அந்தக் காலத்தில் என் மாதிரி ஒருத்திக்கு இதே வேலை தர இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் டாக்டர் லிம் என்னைக் கீழ்த்தளத்துக்கு வரச் சொன்னார். பொருள்களை இழுத்து உடைக்கும் பெரிய எந்திரம் அங்கேதான் இருந்தது. அதில் ஒரு புதுப் பிரேக் கை மாட்டியிருந்தது. அவர் பென்சிலை எடுத்து, துளையின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"எங்கே உடையும்? போடு. என் கோட்டில் உடைந்தால் நீ கையெழுத்துப் போடுகிறாய்."

"உங்கள் கோட்டில் உடையாவிட்டால்?"

அவர் பென்சிலை இன்னும் கிட்டே நீட்டினார். நான் முழங்கையின் உட்புறத்தில் ஒரு கோடு போட்டேன். கோடு கொஞ்சம் கோணல். அதையும் அவர் பார்த்தார்.

எந்திரத்தை ஹாசிம் அண்ணன் ஓட்டினார். சுமையைக் காட்டும் முள் மெல்ல ஏறியது. முள் என் மாதிரி சொன்ன இடத்துக்கு வரட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வருவதற்கு முன்பே 'டொக்' என்றது. சத்தம் அவ்வளவுதான். பெரிதாக ஏதோ ஆகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

முழங்கையில் உடைந்திருந்தது. என் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஆனால் முழங்கையில்தான். நான் சொன்ன சுமையைவிடக் குறைவான சுமையில். அதாவது என் மாதிரியும் பொய்தான், அவருடையதைவிடக் கொஞ்சம் குறைவான பொய். நிஜம் என் அசிங்கமான படத்தைவிட அசிங்கமாக இருந்தது.

டாக்டர் லிம் இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்தார். ஒன்றோடொன்று பொருத்தி வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்த வெள்ளை ரப்பரை எடுத்து, துளையோரம் தான் போட்டிருந்த கோட்டை அழித்தார். நிதானமாக, தூள் விழும்வரை அழித்தார்.

"எழுது" என்றார். "இரண்டு படத்தையும் சேர்த்து எழுது."

எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். அவரும் போட்டார். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் கதை இங்கேயே முடிந்திருந்தால் பிள்ளைகள் திரையில் வேறு படம் போட்டிருப்பார்கள்.

வாடிக்கையாளர் கோபத்தில் குதித்தார். ஹாசிம் அண்ணன் தவறான இடத்தைப் படம் எடுத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அதை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நிறுவனம் புதுப் பிரேக் கையைக் கைவிட்டு எஃகுக்கே திரும்பியது. அந்த வேலைக்குப் பிறகு எங்களிடம் வரவும் இல்லை. ஆய்வுக்கூடம் தன் சாதனைகளைச் சொல்லும் வண்ணப் புத்தகம் ஒன்று போட்டது. அதில் டாக்டர் லிம் தேர்ந்தெடுத்தது ஒற்றைத் துகள் படத்தை. ஏன் சார் என்று கேட்டேன். "அறிக்கை வேறு, விளம்பரம் வேறு" என்றார். அந்தப் படம்தான் புத்தகத்திலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து திரைக்கும் வந்து இன்று எனக்கு முன்னோடிப் பட்டம் வாங்கித் தந்திருக்கிறது. பிரிவுத் தலைவர் பதவி காலியானபோது என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் சேர்ந்தவரை எடுத்தார்கள். என்னோடு வேலை செய்வது கடினம் என்று காரணம் சொன்னார்கள். உண்மைதான். கடினமாக இருக்க வேண்டும் என்றுதான் இருந்தேன்.

இனி, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தச் சோதனை நடந்து ஓராண்டு கழித்து, தீபாவளி நெருங்கும் நேரம். சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. ஜேம்ஸும் நானும் பலகாரம் வாங்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தீபாவளி இல்லையென்றாலும் முறுக்குக்கு ஏது மதம். கூட்டத்தில் "மேடம்!" என்று ஒரு குரல். திரும்பினால் மாணிக்கம். பக்கத்தில் மனைவி, இரண்டு கையிலும் பை.

"எப்படி இருக்கீங்கண்ணே?"

"என்னத்தச் சொல்ல" என்று வலது தோளை உருட்டினார். "லைட்டா ஒரு பிரேக் கை வரும் வரும்னாங்க. வரவே இல்ல. இன்னும் அந்த இரும்பைத்தான் கட்டிக்கிட்டு அழுவுறேன். நல்லா வந்துக்கிட்டிருந்ததாம் மேடம். எவனோ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டுக் கெடுத்துட்டானாம். ஏசியில இருக்கிறவனுக்கு நம்ம தோள் வலி எங்க தெரியப்போவுது? அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா..."

ஜேம்ஸ் என் முழங்கையைப் பிடித்தார். பேசாதே என்று அர்த்தம்.

"கிடைச்சாச்சுண்ணே" என்றேன். "நான்தான் கெடுத்தேன். அது ஒடைஞ்சிடும். என் கண்ணு முன்னாலேயே ஒடைஞ்சுது."

மாணிக்கம் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "மேடம் தமாஷ் பண்றாங்க" என்று சொல்லிச் சிரித்தார். பைகளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அந்த வலிக்கிற தோளில்தான். "வரட்டுங்களா மேடம்" என்று கூட்டத்துக்குள் நடந்து போனார். நான் அவர் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் நடந்து போகிறார், திட்டுகிறார், முறுக்கு வாங்குகிறார். என் வாழ்நாளில் நான் செய்த கணக்குகளிலேயே சரியாக வந்தது அது ஒன்றுதான்.

ஆகவே பிரியா, அந்தப் படத்தை எடுத்துவிடம்மா. சுவரில் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால், எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும் அந்த அசிங்கமான படத்தைத் தேடிப் போடு. கீழே முன்னோடி என்று எழுதாதே. 'கெடுத்தவர்: ஸ்டெல்லா அருளப்பன்' என்று எழுது. கொட்டை எழுத்திலேயே எழுது.